டிஸபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டதா? முன்னாள் படைவீரர்கள் மேல்முறையீடு செய்ய முழுமையான வழிகாட்டி

ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் வீட்டில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில், பழைய கம்பளிக்குக் கீழே, ஒரு பக்கக் கடிதம் ஒன்று 11 வருடங்கள் கிடந்தது. அப்பாவின் டிஸபிலிட்டி பென்ஷன் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று 2005-இல் வந்த கடிதம். 24 வருட சர்வீஸ் முடித்து ஹவில்தாராக வெளியே வந்தவர். கடைசி ஐந்தாறு வருடங்களில் ரத்த அழுத்தம் வந்து லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது முழு உடல்தகுதி இல்லாதவர்கள் பிரிவில் இருந்தார். மெடிக்கல் போர்டு 30 சதவீதம் என்று எழுதியது. ஆனால் நோய்க்கும் சர்வீஸுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டது. "சர்க்கார் முடிவு பண்ணிட்டாங்க, அவ்வளவுதான்" என்று அப்பா பெட்டியை மூடிவிட்டார்.

அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. அதை 2016-இல்தான் நான் படித்தேன். பிறகு வழக்கு நடந்து பென்ஷன் வந்தது. ஆனால் பழைய பாக்கி, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய காலத்துப் பணம் போனது போனதுதான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள்.

இந்த வழிகாட்டி இந்திய ராணுவத்தின் ஜவான்கள், ஜேசிஓக்களை (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளை) மனத்தில் வைத்து எழுதியது. கடற்படை, விமானப்படையினருக்கும் வழி பெரும்பாலும் இதுதான். அலுவலகங்களின் பெயர் மட்டும் மாறும்.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

டிஸபிலிட்டி பென்ஷன் கிடைக்க இரண்டு விஷயங்கள் ஒத்துவர வேண்டும். குறைபாடு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அந்தக் குறைபாடு சர்வீஸால் உண்டானதாகவோ சர்வீஸால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். இரண்டில் எது இல்லை என்று சொல்லி மறுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. மேல்முறையீட்டில் நீங்கள் எழுதப்போவது எல்லாம் அதைப் பொறுத்தது.

பெரும்பாலான கடிதங்களில் இருப்பது இரண்டாவது காரணம். சர்வீஸால் வரவும் இல்லை, சர்வீஸால் கூடவும் இல்லை என்பதை, படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வட்டாரத்தில் சுருக்கமாக 'என்ஏஎன்ஏ' என்பார்கள். சில கடிதங்களில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் 'கான்ஸ்டிட்யூஷனல்' என்ற சொல் இருக்கும். இந்த நோய் உங்கள் உடல்வாகிலேயே இருந்தது, ராணுவம் காரணமில்லை என்று அதற்கு அர்த்தம்.

சதவீதம் 20-க்குக் கீழே என்று மறுத்திருந்தால் விஷயம் வேறு. உடல்நிலை காரணமாகவே உங்களைப் பாதியில் வெளியே அனுப்பியிருந்தால், அந்தக் குறைபாட்டை 20 சதவீதத்துக்கு மேற்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. வேலை செய்யவே முடியாது என்று அனுப்பிவிட்டு 11 சதவீதம், 15 சதவீதம் என்று எழுதுவதில் நியாயம் இல்லை. ஆனால் சர்வீஸ் காலத்தை முழுதாக முடித்து ஓய்வுபெற்றவருக்கு இந்த வாதம் எடுபடாது. 20-க்குக் கீழே என்றால் அவருக்கு டிஸபிலிட்டி எலிமென்ட், அதாவது பென்ஷனில் குறைபாட்டுக்காகத் தரும் பகுதி, கிடையாது என்று 2019 டிசம்பரில் எஸ்.பி. ராத்தோர் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் கேட்க வேண்டியது மறுபரிசீலனை மெடிக்கல் போர்டு. சதவீதம் உயர்ந்தால்தான் மற்றதெல்லாம்.

சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வெளியே வந்தவர்களுக்கு ஒரு தகவல். அப்படி வந்தவர்களுக்கு டிஸபிலிட்டி பென்ஷன் இல்லை என்ற பழைய நிலை மாறிவிட்டது. 2006 ஜனவரி 1-க்குப் பிறகு வந்தவர்களுக்கு 2009-இலேயே அரசு உத்தரவு போட்டாகிவிட்டது. "நீயேதானே கேட்டு வந்தாய்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் வெளியே வந்த தேதி எது?

எந்த விதிகளின்படி உங்கள் கோரிக்கையைப் பார்க்க வேண்டும் என்பதை ஓய்வுபெற்ற தேதிதான் முடிவு செய்கிறது. 2008-க்கு முன்பு வெளியே வந்தவர்களுக்கு 1982-ஆம் வருட என்டைட்டில்மென்ட் விதிகள், அதாவது யாருக்கு இந்த பென்ஷன் உரியது என்று சொல்லும் விதிகள். 2008 ஜனவரி 1 முதல் புது விதிகள் வந்தன. 2023 செப்டம்பர் 21 முதல் மறுபடியும் மாறிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கு டிஸபிலிட்டி எலிமென்ட் என்ற பெயர்கூட இல்லை, 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்கிறார்கள். 2023 விதிகள் பழைய ஆட்களைத் தொடாது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் 2010-இல் வந்தவருக்குப் புது விதியைக் காட்டி "இப்பல்லாம் கிடையாதுங்க" என்று திருப்பி அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

1982 விதிகள் ஜவானுக்கு மிகவும் ஆதரவானவை. படையில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் சர்வீஸால் வந்தது என்றே கருத வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலனும் அவருக்குத்தான். 2008 விதிகள் இதைக் கொஞ்சம் இறுக்கின. சேரும்போது நடந்த பரிசோதனை எல்லா நோயையும் கண்டுபிடித்துவிடாது, சர்வீஸ் காலத்தில் தலைகாட்டியது என்பதற்காக மட்டும் சர்வீஸால் வந்ததாக ஆகாது என்று அவை சொல்கின்றன. ஆனாலும், சாதாரணமாக நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருக்கு இல்லை என்பது அதிலும் இருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனியுங்கள். வெளியே வந்து 15 வருடங்கள் கழித்து, பழைய ஆவணங்கள் அழிக்கப்பட்ட பிறகு கோரிக்கை வைத்தால், நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்துவிடும். 13 வருடம், 14 வருடம் ஆகியிருந்தால் அடுத்த பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

போர்டு பேப்பரை வரவழையுங்கள்

மறுப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேல்முறையீடு எழுதுபவர்கள் நிறையப் பேர். "நான் 20 வருடம் நாட்டுக்கு உழைத்தேன், பனியில் நின்றேன், கருணை காட்டுங்கள்" என்று எழுதுவார்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மைதான், ஆனால் அந்தக் கடிதம் தோற்றுப்போகும். உங்கள் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது ஒரு குறிப்பிட்ட காகிதத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட பத்தி. அந்தக் காகிதம் கையில் இல்லாமல் சண்டை போட முடியாது.

அதன் பெயர் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16. வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு (சர்வீஸ் முடித்து வருபவர்களுக்கு) அல்லது இன்வேலிடிங் மெடிக்கல் போர்டின் (உடல்நிலையால் பாதியில் அனுப்பப்படுபவர்களுக்கு) முழு நடவடிக்கை அதில் இருக்கும். உங்களிடம் இல்லை என்றால் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக், ஈஎம்இ என்றால் செகந்திராபாத். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், பாதி கொடுத்துப் பாதி மறைத்தாலும், அந்தச் சட்டத்தின் கீழேயே 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவில் "என் பேப்பர் எல்லாம் வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஏஎஃப்எம்எஸ்எஃப்-16-இன் எல்லாப் பக்கங்களும், படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, கேட்டகரி குறைத்தபோதும் அதன் பிறகும் நடந்த ஒவ்வொரு போர்டின் பேப்பர், ஆஸ்பத்திரியில் சேர்த்த கேஸ் ஷீட், ஸ்பெஷலிஸ்ட் கருத்து, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை எந்த யூனிட், எந்த இடம், அது பீல்டா (களப் பகுதி) பீஸா (அமைதிப் பகுதி) என்ற போஸ்டிங் விவரம், மறுப்புக்கு அடிப்படையான ஃபைல் குறிப்பு. அடிபட்ட கேஸ் என்றால் இஞ்சுரி ரிப்போர்ட்டும் கோர்ட் ஆஃப் என்கொயரி நடவடிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். இஞ்சுரி ரிப்போர்ட்டின் நம்பர் ஐஏஎஃப்ஒய்-2006.

பதிலுக்காகக் காத்திருக்கும்போது ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். கெடு நெருங்கிவிட்டால் கையில் இருப்பதை வைத்து மேல்முறையீட்டைப் போட்டுவிட்டு, "ஆவணங்கள் கேட்டிருக்கிறேன், வந்ததும் கூடுதல் காரணங்கள் தருவேன்" என்று கடைசியில் எழுதிவிடுங்கள்.

ஏஎஃப்எம்எஸ்எஃப்-16-ஐ எப்படிப் படிப்பது

மேல்முறையீடு ஜெயிப்பதும் தோற்பதும் இந்தப் படியில்தான். ஒரு நாள் முழுக்க இதற்காக ஒதுக்குங்கள். தெரிந்த டாக்டர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், டாக்டர் கையெழுத்தைப் படிக்கவாவது ஆள் வேண்டும்.

முதலில் சர்வீஸ் விவரப் பட்டியல். எங்கெங்கே வேலை பார்த்தீர்கள் என்பதோடு ஒவ்வொரு வரியிலும் பீஸ் என்றால் 'பி', பீல்டு என்றால் 'எஃப்' என்று ஓர் எழுத்து இருக்கும். போஸ்டிங் விவரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் போர்டு பேப்பரில் நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்று இருந்தது. உண்மைதான். ஆனால் அந்த பீஸ் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பு மூன்று வருடம் ஜம்மு-காஷ்மீரில் இருந்திருக்கிறார். வந்த சில மாதங்களில் பரிசோதனையில் அழுத்தம் பிடிபட்டிருக்கிறது. பிடிபட்ட இடத்தைத் தொடங்கிய இடமாக எழுதிவிட்டார்கள். ரத்த அழுத்தம் அப்படி ஒரே நாளில் வருகிற நோய் இல்லை என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். எங்கள் கேஸில் மிகவும் கைகொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்.

அடுத்தது, சர்வீஸில் சேர்வதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா என்ற கேள்விக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'இல்லை' என்று இருந்தால் அதை அடிக்கோடிடுங்கள். உங்கள் அலட்சியத்தால் நோய் வந்ததா, சிகிச்சையை மறுத்தீர்களா என்ற கேள்விகளுக்கும் பெரும்பாலும் 'இல்லை' என்றே எழுதியிருப்பார்கள். இவை எல்லாம் போர்டு தன் கையாலேயே உங்களுக்கு எழுதிக்கொடுத்த சாட்சி.

பிறகு ஐந்தாம் பகுதி, அதாவது போர்டின் கருத்து. சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் கூடியதா, சம்பந்தமில்லையா என்று கட்டங்கள் இருக்கும், பக்கத்தில் காரணம் எழுத இடம் இருக்கும். அந்தக் காரணக் கட்டத்தில் என்ன இருக்கிறது? நிறைய பேப்பர்களில் நோய்க்கும் சர்வீஸுக்கும் தொடர்பில்லை என்று ஒரு வரிதான் இருக்கும், முடிவையே காரணமாக எழுதியிருப்பார்கள். சில பேப்பர்களில் அதுவும் இருக்காது, ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான கையேட்டின் பத்தி எண்ணை மட்டும் குறித்திருப்பார்கள்.

இது போதாது என்பதைத்தான் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. அவர் 1985-இல் சிக்னல்ஸில் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று சொல்லி 1994-இல் வெளியே அனுப்பினார்கள். குறைபாடு 20 சதவீதம், ஆனால் 'கான்ஸ்டிட்யூஷனல்' என்று எழுதி பென்ஷனை மறுத்தார்கள். 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சேரும்போது நோய் பதிவாகவில்லை. சேரும் நேரத்தில் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று போர்டு சொல்வதானால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். எழுதவில்லை என்பதால் பலன் ஜவானுக்குத்தான் என்றது நீதிமன்றம். 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கில் இதையே வேறு பல நோய்களுக்கும் பொருத்தியது. உங்கள் மேல்முறையீட்டில் இந்த இரண்டு தீர்ப்புகளின் பெயரும் வருடமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் பலமும் தெரிந்திருக்க வேண்டும். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கு என்று ஒன்று. ஸ்கிஸோஃப்ரினியா போன்ற மனநோயை சேரும்போது நடக்கும் பரிசோதனையில் பிடிக்க முடியாது, அதனால் பதிவாகவில்லை என்பதை மட்டும் வைத்து சர்வீஸால் வந்ததாகக் கொள்ள முடியாது என்று சொல்லி பென்ஷனை நீதிமன்றம் ஏற்கவில்லை. மனநோய் கேஸ் என்றால் தரம்வீர் சிங்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நோய் தொடங்குவதற்கு முன்பு என்ன டியூட்டி, எந்த இடம், வீட்டை விட்டு எத்தனை நாள், யூனிட்டில் என்ன நடந்தது என்று சர்வீஸ் சூழலைத் தேதியோடு காட்ட வேண்டும். மாரடைப்பு கேஸிலும் இப்படித்தான். மருத்துவ அதிகாரிகளின் கையேடு, நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாட்களின் டியூட்டி விவரத்தைப் பார்க்கச் சொல்கிறது. அந்த விவரத்தை யூனிட் எப்படி எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். ராத்திரி காவல், நீண்ட பயணம், உயரமான இடம் எது விடுபட்டிருந்தாலும் நீங்கள் எழுதுங்கள். உடன் வேலை பார்த்த இரண்டு பேரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் கிடைத்தால் இன்னும் நல்லது.

லீவில் அடிபட்டவர்களுக்கு வழி கடினம். ஊருக்குப் போகும் வழியிலோ, லீவு முடிந்து டியூட்டிக்குத் திரும்பும் வழியிலோ விபத்து என்றால் அந்தப் பயணம் டியூட்டிக் கணக்கில் வரும், வலுவாகக் கேட்கலாம். ஊரில் சொந்த வேலையாக பைக்கில் போனபோது விழுந்தது என்றால், சம்பளத்தோடு லீவில் இருந்தேன் என்பது மட்டும் போதாது. விபத்துக்கும் ராணுவ சர்வீஸுக்கும் ஏதாவது ஒரு தொடர்பு வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. தொடர்பே இல்லாத கேஸில் வக்கீல் ஃபீஸ் கொடுத்து வருடக்கணக்கில் அலைவதற்கு முன் யோசியுங்கள்.

முதல் மேல்முறையீடு

மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததில் இருந்து ஆறு மாதம். ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். அங்கிருந்து முதல் மேல்முறையீட்டுக் கமிட்டிக்கு அனுப்புவார்கள். ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருந்தால்தான் வேலை நடக்கும். தமிழில் எழுதிவைத்துக்கொண்டு நம்பிக்கையான ஒருவரிடம் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, நான்கு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, வந்த காரணம் முதல் பத்தியில். நோயின் பெயர், எப்போது எங்கே கண்டுபிடிக்கப்பட்டது, போர்டு போட்ட சதவீதம் இரண்டாவதில். மறுப்புக் கடிதத்தின் எண்ணும் தேதியும், அதில் சொன்ன காரணமும் சொல் மாறாமல் மூன்றாவதில். இதன் பிறகுதான் உங்கள் வாதம்.

வாதத்தை இப்படி எழுதலாம்: "நான் சேர்ந்தபோது முழு உடல்தகுதியோடு இருந்தேன், இணைப்பு ஒன்று. இத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகு இந்த நோய் கண்டறியப்பட்டது, இணைப்பு இரண்டு. அதற்கு முன் இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை பீல்டில் இருந்தேன், இணைப்பு மூன்று. போர்டு தன் முடிவுக்குக் காரணம் எதுவும் எழுதவில்லை, இணைப்பு நான்கு, ஐந்தாம் பகுதி." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். பலர் "டிஸபிலிட்டி பென்ஷன் வழங்க வேண்டுகிறேன்" என்று முடித்துவிடுவார்கள். பிராட் பேண்டிங் என்கிற ரவுண்டிங்கையும் சேர்த்துக் கேளுங்கள். 1996 முதல் நடைமுறையில் உள்ள கணக்கு இது: 20 முதல் 50-க்குள் இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. சர்வீஸ் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. பணக் கணக்கில் பார்த்தால், 100 சதவீதக் குறைபாட்டுக்கு டிஸபிலிட்டி எலிமென்ட் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 40,000 என்றால் அது 12,000. குறைபாடு 30 சதவீதம் என்றால் 3,600. அதுவே 50-ஆக ரவுண்டு ஆனால் 6,000. இதன் மேல் அகவிலைப்படி வேறு. மாதாமாதம், வாழ்நாள் முழுக்க வரும் வித்தியாசம் இது.

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போய்ச் சேர்ந்த விவரத்தை ஆன்லைனில் எடுத்து அச்சடித்து அதோடு சேர்த்து வையுங்கள். பின்னால் தீர்ப்பாயத்தில் ஆறு மாதக் கணக்கு எண்ணும்போது இந்தச் சின்னத் துண்டுக் காகிதம்தான் சாட்சி.

இரண்டாவது மேல்முறையீடு

முதலாவதும் தள்ளுபடி ஆனால் இன்னோர் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது கமிட்டிக்குப் போகலாம். புதிய ஆவணம் கிடைத்திருந்தால் சேருங்கள், முதல் கமிட்டி சொன்ன காரணத்துக்கு வரிக்கு வரி பதில் எழுதுங்கள். வேறு பெரிய வித்தியாசம் இல்லை. கமிட்டிகளில் இருந்து சாதகமான பதில் வருவது அபூர்வம் என்று பலரும் சொல்வார்கள். இருந்தாலும் இந்தப் படிகளைத் தாண்டிவிட்டுத் தீர்ப்பாயத்துக்கு ஓடாதீர்கள், உள்ளே இருக்கும் வழிகளை எல்லாம் முயன்றீர்களா என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி. மேல்முறையீடு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், முயன்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

2007-ஆம் வருடச் சட்டத்தால் உண்டாகி, 2009 முதல் நடக்கும் தனி நீதி அமைப்பு இது. தலைமை அமர்வு டெல்லியில். தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை அமர்வு. நீங்கள் எந்த ரெஜிமென்ட்டில் இருந்தாலும், எந்த மாநிலத்தில் ரிட்டையர் ஆனாலும் சரி, இப்போது குடியிருக்கும் இடத்துக்கான அமர்விலேயே மனு போடலாம். ஜபல்பூருக்கும் நாசிக்குக்கும் அலைய வேண்டியதில்லை. கேட்கும் இருவரில் ஒருவர் நீதித்துறையில் இருந்து வந்தவர், மற்றவர் படையில் உயர்பதவி வகித்தவர்.

மனுவை ஒரிஜினல் அப்ளிகேஷன், சுருக்கமாக ஓஏ என்பார்கள். கடைசி உத்தரவு வந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். பதிலே வரவில்லை என்றால், மேல்முறையீடு கொடுத்ததில் இருந்து ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் நான் வக்கீல் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். எதிரே அரசு வக்கீல் பதிலுரை தாக்கல் செய்வார், அதற்கு நீங்கள் மறுமொழி தர வேண்டும், அவர்கள் காட்டும் ஆவணத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இலவச சட்ட உதவி தருவதற்காகவே 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தை தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடங்கியிருக்கிறது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பார்த்து விசாரியுங்கள். வருகிற பாக்கிப் பணத்தில் பாதி கொடுத்தால் போதும் என்று பேசும் ஏஜென்ட்டுகளிடம் மட்டும் வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கையும், பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

தீர்ப்பாயத்திலும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நடுவில் சில வருடங்கள் இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்துவிட்டது. நேராக உச்ச நீதிமன்றம் போவதற்குப் பொதுமக்களுக்கு முக்கியமான சட்டப் பிரச்சினை இருக்க வேண்டும், 90 நாள் கெடு.

வருடக்கணக்கில் தாமதமாகிவிட்டதா?

எங்கள் கேஸைப் போல 11 வருடம் ஆகியிருந்தாலும் வழி உண்டு. பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய பணம். வராத ஒவ்வொரு மாதமும் தவறு தொடர்கிறது என்ற அடிப்படையில், தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவை ஓஏவோடு சேர்த்துப் போடலாம். ஏன் தாமதம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மேல்முறையீடு உண்டு என்று தெரியாது, உடல்நிலை சரியில்லை, ஆங்கிலக் கடிதம் புரியவில்லை, எது உண்மையோ அது. பாக்கி மட்டும், மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களோடு நின்றுவிடும். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு அது. நீங்கள் இன்னும் ஒரு மாதம் யோசித்தால், அந்த மூன்று வருடக் கணக்கில் பின்னால் ஒரு மாதம் கழன்றுகொள்ளும்.

படைவீரர் இறந்துவிட்டிருந்தால், அவருக்கு வர வேண்டியிருந்த பாக்கியைக் கேட்டு மனைவி வாரிசாக வழக்கைத் தொடரலாம். அப்பாக்கள் பெட்டியை மூடிவிட்டுப் போன வீடுகளில் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு பிரிவினர் உண்டு. பத்து வருட சர்வீஸ்கூட இல்லாமல், சம்பந்தமில்லாத நோய் என்று சொல்லி, கையில் கிராஜுவிட்டி மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். மேல்முறையீட்டை விடாமல் நடத்துங்கள். அதோடு, உடல்நிலையால் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கான இன்வேலிட் பென்ஷனும் கிடைக்குமா என்று பாருங்கள். 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ சர்வீஸில் இருந்து, வெளியிலும் வேலை பார்க்க முடியாத அளவுக்கு நிரந்தரமாக இயலாமல் போனவர்களுக்குப் பத்து வருடம் தேவையில்லை என்று 2020 ஜூலையில் உத்தரவு வந்திருக்கிறது.

உத்தரவு வந்த பிறகு

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அரசுக்குச் சில மாத அவகாசம் கொடுப்பார்கள். சான்றிட்ட நகலை வாங்கி, ஒரு கவரிங் லெட்டரோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு நீங்களே அனுப்புங்கள். அவகாசம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், உத்தரவை நிறைவேற்றக் கோரி அதே அமர்வில் மனு போட வேண்டும். எங்களுக்கும் அது தேவைப்பட்டது. மனு போட்ட பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

புது பிபிஓ வந்ததும் சந்தோஷத்தில் அப்படியே ஃபைலில் வைத்துவிடாதீர்கள். ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் உள்ளே போய், தீர்ப்பு நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களை ஒப்பிடுங்கள்: டிஸபிலிட்டி எலிமென்ட் எந்தத் தேதியில் இருந்து தொடங்குகிறது, சதவீதம் ரவுண்டு ஆகியிருக்கிறதா, வாழ்நாள் முழுக்க என்று இருக்கிறதா அல்லது குறிப்பிட்ட வருடத்தோடு முடிகிறதா, பாக்கித் தொகையில் அகவிலைப்படி சேர்ந்திருக்கிறதா. அப்பாவின் பிபிஓவில் முதலில் 30 சதவீதம் என்றே வந்தது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் 50 என்று இருந்த வரியை அடிக்கோடிட்டு ஒரு கடிதம் அனுப்பினோம். இரண்டு மாதத்தில் திருத்தி அனுப்பினார்கள். அந்தத் திருத்திய பிபிஓவைத்தான் அப்பா இப்போது பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறார்.